கோணல் மூஞ்சி

வீரணன் செய்த தப்பு இவ்வளவுதான்: நர்ஸ் மலையம்மாளைச் சிரிக்க வைக்கக் கோணல் மூஞ்சி காட்டினான்.

காட்டிய இடம் ஆபரேஷன் அறை. மேசையில் பரவை ஊரிலிருந்து வந்த ஒச்சாயி, இடது காதில் சீழ். டாக்டர் காதுக்குப் பின்னால் எலும்பை உளியால் செதுக்கிக்கொண்டிருந்தார். முகத்தை அசைக்கும் நரம்பை உளி நெருங்கினால், மயக்கத்திலும் கன்னம் துடிக்கும். உடனே "முகம்!" என்று கத்த வேண்டும். வார்டு ஆள் வீரணனுக்கு அந்த வேலைதான். 1936இல் அதற்கு மிஷின் ஏது? அவனுடைய ரெண்டு கண்தான்.

கன்னம் துடித்தது. ரெண்டு கண்ணும் மலையம்மாள் மேல் இருந்தன.

கட்டை அவிழ்த்தபோது ஒச்சாயிக்குப் பாதி முகம் தொங்கியது. இடது கண் மூடவில்லை.

"என் மூஞ்சிக்கு என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல தாயி. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

பார்த்த போதெல்லாம் கேட்டாள். அதே பதிலைத்தான் சொன்னான். மூடாத கண்ணில் புண் வைத்து, சீழ் தலைக்கேறி, ஐப்பசியில் செத்துப் போனாள். பாடையிலும் அந்தக் கண் மூடவில்லையாம்.

தை மாதம் அதே மேசையில் வீரணனின் மகள் தங்கப்பொண்ணு. பதினோரு வயது. அதே இடது காது.

"நானே பாக்குறேன் சார்" என்று கெஞ்சி நின்றான். மூக்கில் ஈ உட்கார்ந்தும் தலையைத் திருப்பவில்லை.

மயக்கம் கொடுக்கும் ஈதர் வாடை. உளிச் சத்தம். டக். டக்.

பிறகு ஈதருக்குள் இன்னொரு வாடை. பாடையில் வாடிய பூ.

மகளின் இடது கண் திறந்தது.

அது அவள் கண் இல்லை.

கன்னம் துடிக்கத் தொடங்கியது. "முகம்!" என்று கத்த வாயைத் திறந்தான். தொண்டையில் சத்தமே வரவில்லை. உளி இறங்கிக்கொண்டிருந்தது.

மகளின் உதடு அசையாமலே குரல் வந்தது.

"அன்னைக்கு அவளுக்குக் காட்டுனியேண்ணே. எனக்கும் காட்டு."

வார்டையே சிரிக்க வைத்தவன், அழுதுகொண்டே மூஞ்சியைக் கோணினான்.

துடிப்பு நின்றது. கண் மூடியது.

மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்ததும் தங்கப்பொண்ணு முழு முகமாகச் சிரித்தாள். வீரணனும் சிரித்தான். மலையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மூன்று நாளாகவே காப்பி அவன் கடைவாயில் ஒழுகியது. என்னவென்று அவன் யாரைக் கேட்டாலும் பேச்சை மாற்றினார்கள்.

"என் மூஞ்சிக்கு என்ன மலையம்மா?"

"ஒண்ணுமில்லண்ணே. ரெண்டு நாள்ல சரியாயிரும்."

அவன் விற்ற சரக்கு அவனிடமே திரும்பி வந்தது. மகள் பக்கம் குனிந்தான்.

"நீயாச்சும் சொல்லு தாயி."

தங்கப்பொண்ணு அவன் வலது கன்னத்தைத் தொட்டாள்.

"இந்தப் பாதிதான்ப்பா நீ. அந்தப் பாதியில ஒரு அக்கா இருக்காங்க. கண்ண மூடாம என்னையப் பாத்துச் சிரிக்கிறாங்க."