சிப்பாயின் வாய்

பின்பக்கம் நாய் குரைத்தபோது பெரியவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கினார். அது சிப்பாயின் குரல் அல்ல.

சிப்பாய் குரைத்தால் கதவைத் தட்டுவதுபோல் கணீரென்று, இடைவெளி விட்டு, ஒவ்வொன்றாக விழும். இது நாய்க்குரலாகத் தொடங்கி, நடுவில் உடைந்து, மெல்லியதாக இழுபட்டு, வாயில் துணியை அடைத்துக்கொண்டு யாரோ அழுவதுபோல முடிந்தது. மதியம் சாய்ந்துகொண்டிருந்தது. மழைக்கு முந்தைய புழுக்கம் ஈரத்துணியின் வாடையோடு அறைகளில் தேங்கி நின்றது. முன்னறையில் மருமகளின் தையல் மிஷின் கடகடவென்று ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. அது நிற்கும் இடைவெளிகளில் மட்டும் அந்தக் குரல் கேட்டது. மிஷின் ஓயட்டும் என்று காத்திருந்து கத்துவதுபோல.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். எழுந்திருக்கவில்லை.

அந்தத் தெருவில் அது 'டாக்டர் வீடு'. பெரியவரின் அப்பா கால்நடை மருத்துவர். பெரியவரும் அதே தொழிலில் வேலை பார்த்து, கல்லூரியில் பாடம் நடத்தி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றவர். நாயோ பூனையோ வைத்திருப்பவர்கள் இன்றைக்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மருந்து வாங்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டு நாய்க்கு ஒன்றும் வரக்கூடாது. வந்ததும் இல்லை.

மறுபடி அந்தக் குரல்.

சமையலறையைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தார். மொட்டைமாடிக்கு ஏறும் படிக்கட்டின் அடியில், பழைய சாக்குகளும் பெயிண்ட் டப்பாக்களும் கிடக்கும் இருட்டில், சிப்பாய் சுவரோடு ஒட்டி நின்றது. வெளிச்சம் பட்டதும் தலையைத் திருப்பிக்கொண்டது. "சிப்பாய்" என்று கூப்பிட்டார். வால் அசையவில்லை. அவர் குனிந்து பார்த்தார். புளித்த, உலோகத்தைப் போன்ற ஒரு வாடை வந்தது. நாயின் தாடை கீழே தொங்கியிருந்தது. நாக்கு ஒரு பக்கமாகச் சரிந்து, நுனி காய்ந்து பழுப்பேறியிருந்தது. உதட்டிலிருந்து எச்சில் நூலாக இறங்கிச் சாக்கில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த நூல் அறுபடவே இல்லை. கண்கள் அவர் முகத்தின் மேல்தான் இருந்தன. ஆனால் அவரை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை.

இந்த முகத்தை அவர் அறிவார். வகுப்பில் இதைச் சொல்லிக் காட்டி மாணவர்களைச் சிரிக்க வைத்திருக்கிறார். "வாயைத் திறந்தபடி, எலும்பு சிக்கினதுபோல ஒரு நாயைக் கொண்டுவந்தால், முதல் வேலையாக உங்கள் இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் போடுங்கள். வெறிநோய் எல்லா நாயையும் கடிக்கத் துரத்தாது. சிலதுக்குத் தாடையைக் கட்டிப் போட்டுவிடும். அது உங்களைத் தேடி வராது. நீங்களாகவே போய் அதன் வாயில் கையைக் கொடுப்பீர்கள்."

எலும்பாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டார். பல்லில் சீழ் வைத்திருக்கலாம். தாடை பிசகியிருக்கலாம். அதுவாக இருக்க முடியாது. ஊசி போட்டாகிவிட்டதே.

ஊசி.

சிப்பாய் குட்டியாக இருந்தபோது போட்ட ஒரே ஊசி அது. வேறொருவரிடம் கொண்டுபோகலாம் என்று மகன் சொன்னதற்கு, "இந்த வீட்டு நாய்க்கு வெளியாள் ஊசி போடறதா?" என்று கேட்டவர் அவர்தான். மகன் தலையைப் பிடித்துக்கொள்ள, இவர் கழுத்துத் தோலை மடித்துத் தூக்கி ஊசியை இறக்கினார். அந்த நொடியில் கை நடுங்கியது. ஊசி மடிப்பின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்துவிட்டது. மருந்து மொத்தமும் ரோமத்தில்தான் போயிற்று. விரல் நனைந்தது அவருக்குத் தெரிந்தது. குட்டி முனகவுமில்லை. "கை இன்னும் இரும்புதான்பா உங்களுக்கு" என்றான் மகன். மறுபடி போடவேண்டும் என்று சொல்ல வாயெடுத்தவர், அந்தப் பாராட்டைக் கேட்டதும் பஞ்சால் ரோமத்தைத் துடைத்துவிட்டு, "முடிஞ்சுது" என்றார். நாளைக்குத் தனியாக இருக்கும்போது போட்டுவிடலாம் என்று நினைத்தார். அந்த நாளை வரவேயில்லை.

போன மழையின்போது பின்வேலியில் ஒரு தெருநாயோடு சண்டை நடந்தது. சிப்பாயின் உதட்டில் சின்னக் கீறல். அவரே கழுவி மருந்து தடவினார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது, ஊசி போட்ட நாய்தானே!

மிஷின் நின்றிருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"என்ன மாமா, இவன் ஏன் இப்படிக் கத்தறான்? தொண்டை கட்டிக்கிச்சா?"

மருமகள் கழுத்தில் அளவு நாடாவோடு அவர் பின்னால் வந்து நின்றாள். விரல்களில் ஊசி குத்திய புள்ளிகள், நூல் அறுத்த கீறல்கள். நாயைப் பார்த்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயையோ, வாயை மூட முடியலை பாருங்க! நேத்து போட்ட எலும்பு மாமா. நான் அப்பவே வேணாம்னேன். உங்க பிள்ளைதான், நாய்னா எலும்பு கடிக்காம ஸ்பூன் வெச்சா சாப்பிடும்னு வக்கணை பேசினாரு."

"நீ தள்ளு. நான் பாக்கறேன்."

"நீங்களா?" அவள் சிரித்தாள். வாஞ்சையான சிரிப்புதான். "டம்ளரைத் தூக்கினா பாதி சட்டைக்குப் போகுது. உங்க கை நடுங்கி உள்ள எங்கயாவது கிழிஞ்சிடப் போகுது மாமா. சும்மா நில்லுங்க."

அவருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தெரியும். இவளுக்குத் தெரியும். மகனுக்கும் தெரிந்திருக்கும். தெரிந்தே, இத்தனை நாளாக, டம்ளரைப் பாதியளவு மட்டும் நிரப்பிக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். இரும்புக் கை என்று சொன்னதுகூட...

அவமானம் அவரைப் பிடித்து நிறுத்திய அந்த நேரத்தில் அவள் கை உள்ளே போய்விட்டது.

வேண்டாம் என்ற வார்த்தை அவர் பல்லுக்குப் பின்னாலேயே நின்றது. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று கேட்டால் அந்த ஊசியைச் சொல்ல வேண்டும். அவள் விரல்கள் நாயின் கடைவாயைத் தடவின, அண்ணத்தைத் தடவின, நாக்கின் அடியில் போய் வந்தன. எச்சில் அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. சிப்பாய் அசையாமல் நின்று கொடுத்தது. அதன் கண்கள் மட்டும் பெரியவர் மேல்.

"ஒண்ணும் அகப்படலையே. ரொம்ப உள்ள போயிடுச்சு போல."

"போய்க் கையைக் கழுவு. சோப்புப் போட்டு."

"சிப்பாய் எச்சில்தானே மாமா. தினம் மூஞ்சியையே நக்கறான்."

"சொன்னதைச் செய்."

"உத்தரவு டாக்டர்!" என்று எழுந்து குழாயைத் திறந்தாள். அவர் பக்கத்திலேயே போய் நின்றார். இன்னும் கழுவு என்றார். நகத்துக்கடியில் என்றார். "தோல் உரிஞ்சிடும் மாமா, துணி கேட்டு ஆள் வந்துடுவாங்க" என்று அவள் கையை உதறிப் புடவையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கதவு வழியாக அவர் பார்த்தார். அவள் மிஷின் முன் உட்கார்ந்து, நூலின் நுனியை வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஊசிக் காதில் கோத்தாள்.

நேரம் இருக்கிறது. அந்த நோய் உடம்புக்குள் மெதுவாகத்தான் ஏறும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. விட்டுவிட்டு, காய்ச்சல் என்று அவள் படுத்தபிறகு போனால், எந்த ஆஸ்பத்திரியிலும் மருந்து கிடையாது. இடையில் வேண்டியது அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம்தான். மகன் வரட்டும். தனியாக அழைத்துச் சொல்லிவிடலாம். சொல்லும் விதம் ஒன்று இருக்கிறதே.

முன்னறையிலிருந்து அவள் குரல். "மாமா, இளைய டாக்டருக்குப் போன் போட்டேன். உங்ககிட்ட பேசணுமாம்."

இளைய டாக்டர் அவருடைய மாணவர். அந்த வகுப்பில் சிரித்தவர்களில் ஒருவர்.

"வணக்கம் ஐயா. வாய் தொங்குதுன்னு அம்மா சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் பக்குனு ஆயிடுச்சு. தப்பா நினைக்காதீங்க... வெறிநோய் ஊசி ஆச்சுங்களா?"

மருமகள் பக்கத்தில் நின்று துணியில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள்.

"நானே போட்டேன்" என்றார் பெரியவர்.

மறுமுனையில் மூச்சு விடும் சத்தம். "அப்போ கவலையே இல்ல ஐயா. நீங்க போட்டதுக்கு மேல பேச்சேது? எலும்புதான். டார்ச் அடிச்சு நல்லா உள்ள பாக்கச் சொல்லுங்க. வர்ற வழியில நானும் எட்டிப் பாக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். சுவரில் அப்பாவின் படம். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. தகரத்தில் விழும் சத்தம், ஜன்னல் கம்பியில் சொட்டும் சத்தம், எங்கோ கொடியில் அடித்துக்கொள்ளும் துணி, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளின் கூச்சல், எல்லாம் ஒன்றாகக் கலந்து கேட்டன. உட்கார்ந்தபடியே முடிவு செய்தார். முதலில் நாயைச் சாமான் அறையில் பூட்டிவிடுவது. பிறகு சொல்வது. இன்றைக்கே.

கயிற்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

படிக்கட்டின் அடியில் சாக்கு இருந்தது. ஈர வட்டம் இருந்தது. நாய் இல்லை.

கூப்பிட்டார். வீட்டுக்குள் திரும்பினார். கரண்ட் போயிருந்தது. மழை இருட்டு மூலைகளில் நிரம்பியிருந்தது. சமையலறைத் தரையில் ஏதோ மின்னியது. குனிந்தார். எச்சில். இழை பிடித்த எச்சில். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. சுவரில், நாயின் தலை உயரத்தில், ஒரு தீற்றல். நடைவழியில். பேத்தியின் செருப்பின் மேல். நாற்காலியில் மடித்து வைத்திருந்த, நாளைக்கு யார் வீட்டுக்கோ போகவேண்டிய துணிகளின் மேல்.

மிஷின் ஓடவில்லை.

முன்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளேயிருந்து சத்தம். மூச்சு. கரகரத்த, ஈரமான மூச்சு. அதற்கு மேல் கிசுகிசுப்பு. பிறகு சிரிப்பு.

குழந்தைகள்.

கதவைத் தள்ளினார்.

அறை நடுவில் பாய். பாயில் சிப்பாய், நின்றபடி. மருமகள் ஒரு கையால் அதன் காதைத் தடவிக்கொண்டு, மறுகையால் டார்ச் பிடித்திருந்தாள். பேத்தி அவருடைய பழைய வெள்ளைக் கோட்டை மாட்டியிருந்தாள். கோட்டின் கை ஒன்று தரையில் புரண்டது. மற்றது சுருட்டி ஏற்றப்பட்டிருந்தது. அந்தக் கை முழங்கை வரை நாயின் வாய்க்குள் இருந்தது.

அவளுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் வரிசையாக. முன்னால் நின்றவர்கள் விரல்களைப் பாவாடையிலும் கால்சட்டையிலும் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"மழையில நனையுதேன்னு உள்ள கூட்டிட்டு வந்தேன் மாமா" என்றாள் மருமகள். "இளைய டாக்டர் உள்ள பாக்கச் சொன்னது போன்ல எனக்கும் கேட்டுச்சே. சின்னக் கையா இருந்தா போகும்னு..."

"கையை எடு!"

அந்த வீடு வெகுகாலமாகக் கேட்டிராத அதட்டல். எல்லாத் தலைகளும் திரும்பின. பேத்தி பயத்தில் உறைந்துபோனாள். கை உள்ளேயே இருந்தது.

"ஏன் மாமா? என்ன ஆச்சு?"

வாசலில், பிள்ளையை அழைத்துப்போக வந்த எதிர்வீட்டு அம்மா குடையை மடக்கியபடி நின்றிருந்தாள். "என்னங்க டாக்டர், கடிச்சிடுமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடைகள். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

ஒரு வாக்கியம். இவ்வளவு பேர் முன்னால்.

பெரியவரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றார். "மெதுவா எடுன்னேன். அவனுக்கு வலிக்கும்."

"அப்பாடா, உசுரே போயிடுச்சு" என்று மருமகள் சிரித்தாள். வாசலில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பேத்தி கையை மெல்ல வெளியே இழுத்தாள். அது விரல் நுனிவரை பளபளத்தது. இழை இழையாக எச்சில் நீண்டு வெள்ளைக் கோட்டின் மேல் படிந்தது. முழங்கையில் ஒரு புதிய சிராய்ப்பு, பல் உரசியது, மெல்லச் சிவந்துகொண்டு வந்தது.

"எனக்கும் கிடைக்கலை தாத்தா. தொண்டை மட்டும் துடிக்குது."

சிப்பாய் வாயைத் திறந்தபடி, ஆடாமல் அசையாமல், அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

வரிசையின் கடைசியில் நின்ற, எல்லாரையும்விடச் சின்னவன், முன்னால் வந்து மண்டியிட்டான். எதிர்வீட்டு அம்மா குனிந்து அவன் சட்டைக் கையை மடித்துவிட்டாள்.