சௌந்தரவல்லியின் மேல்வரிசை

கதவு மூன்றாவது தடவையும், "மன்னிக்கவும், புரியவில்லை" என்றது.

செவ்வாய்க் கிரகத்தில் எல்லாக் கதவும் பெயரைச் சொன்னால்தான் திறக்கும். சௌந்தரவல்லியும் சொல்லித்தான் பார்த்தாள். "ஹௌந்தரவல்லி" என்றுதான் வந்தது. மேல்வரிசையில் ஒரு பல்கூடக் கிடையாது, பாவம், வேறெப்படி வரும்? வழக்கம்போலக் கணவன் கைலாசம் வந்து, தன் பெயரைச் சொல்லித் திறந்துவிட்டான். காய்கறிக் கூடாரத்துக்கே தலைவி அவள். வேலைக்குப் போகப் புருஷனைத் துணைக்குக் கூப்பிட வேண்டியிருந்த அவமானம் அவளைத் தின்றது.

மேல்தாடையில் ஆறு உலோக வேர்களைப் பதித்தாகிவிட்டது. அவற்றின்மேல் திருகிப் பொருத்தும் பல்வரிசையைச் சுற்றுப்பாதைப் பட்டறையில் செய்து கப்பலில் அனுப்புவார்கள். கப்பலோ ஆறு மாதத்துக்கு ஒன்று. அளவு பிசகினால் இன்னும் ஆறு மாதம் கஞ்சிதான்.

அளவெடுத்தது பல்லாய்வி என்ற மருத்துவ எந்திரன். படமெடுக்கும் வாய்வருடியை ஈறு நெடுக ஓட்டியது. இன்னொரு முறையும் ஓட்டியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது.

"என்னாச்சு?" என்றான் கைலாசம்.

"இரண்டு படமும் ஒத்துப்போகவில்லை ஐயா. இருநூறு மைக்ரான் வித்தியாசம். மூன்று தலைமுடி கனம்."

"அவ்ளோதானா! அதெல்லாம் அட்ஜஸ்ட் ஆயிடும், அனுப்பிடுப்பா."

"ஆகாது ஐயா. வேர் எலும்போடு ஒட்டியது, அசையாது. பிசகிய வரிசையை வலுவில் திருகினால் நாளடைவில் வேரே கழன்றுவிடும்."

வெறும் ஈறு வழவழவென்று ஒரே மாதிரி இருந்ததால், அடையாளம் பிடிபடாமல் வருடி வழி தவறியிருந்தது. பல்லாய்வி வேர்களுக்கு நடுவே சின்னச் சின்னப் புள்ளிச் சில்லுகளை ஒட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தது. மூன்று மணி நேரம், எட்டுத் தடவை. சௌந்தரவல்லிக்குத் தாடை விட்டுப்போயிற்று, ஈறு எரிந்தது. எட்டாவதில் பிழை இருபது மைக்ரானுக்கு இறங்கியது.

கப்பல் வந்தது. பல்வரிசை டக்கென்று உட்கார்ந்தது. அவள் நேரே கதவுக்கு ஓடிப் பெயரைச் சொன்னாள். திறந்தது! மூடச் சொல்லி, மறுபடி திறக்கச் சொன்னாள். அழுதேவிட்டாள்.

"நீ நல்லா இருக்கணும்ப்பா" என்று திரும்பி வந்து எந்திரனின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாரா இருந்தாலும் ரெண்டாவது தடவயே போதும்னு விட்டிருப்பாங்க."

"உங்கள் கருத்தைப் பதிவு செய்யலாம் அம்மா. அதை வைத்துத்தான் மருத்துவமனை எங்கள் வேலைமுறையை வகுக்கிறது."

விடுவாளா? மூன்று மணி நேரம் வாட்டி எடுத்தது என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கெட்ட பேர் வந்துவிடாதா? "ஐயோ, கை வெச்சதே தெரியல! வலின்னா என்னன்னே தெரியாது. ஒரே தடவதான், கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள முடிச்சிருச்சு!" என்று மனதாரச் சொன்னாள். புதுப் பல்லல்லவா, ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பதிவானது.

அடுத்த வாரம் கைலாசத்தின் முறை. அவனுக்குக் கீழ்த்தாடையில் ஆறு வேர். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தான். பல்லாய்வி ஒரே இழுப்பில் வருடியை ஓட்டி எடுத்து, "முடிந்தது ஐயா, பட்டறைக்கு அனுப்புகிறேன்" என்றது.

"இருப்பா, இரு! புள்ளி ஒட்டலையே? எட்டுத் தடவ எடுக்கலையே?" சௌந்தரவல்லி பதறினாள்.

"வேலைமுறை மாறிவிட்டது அம்மா. ஒரே தடவை போதும் என்று நோயாளியின் வாக்குமூலம் இருக்கிறது. உங்களுடையதுதான். என் நினைவில் எட்டுத் தடவை என்றுதான் இருக்கிறது. ஆனால் மருத்துவமனை மனிதர் சொல்லைத்தான் நம்பும்."

"அட கடவுளே! அது ஒரு மரியாதைக்குச் சொன்னதுப்பா!"

பல்லாய்வி அவளுடைய பதிவைத் திறந்தது.

"திருத்திவிடலாம் அம்மா. மரியாதைக்கு எத்தனை மைக்ரான் கழிக்க வேண்டும்?"