குதிரைப் படத்துக்கு வந்த மாப்பிள்ளை

முன்வரிசையில் ஒரே ஒரு தமிழ் முகம். மேனுஷாவுக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறியது. அப்போ இவர்தான் மாப்பிள்ளை...

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு சின்ன மண்டபம். ஞாயிறு மதியம், பழைய கௌபாய் படம், ஒரு காட்டுக் குதிரைதான் கதாநாயகன். மாப்பிள்ளையின் தாய் தேர்ந்தெடுத்த இடம் இது. பிள்ளை குட்டிகளோடு பார்க்கிற படமாம், யாரும் பிழையாக நினைக்க மாட்டார்களாம். "தம்பி முன்னுக்கு இருப்பார், போய்க் கதைச்சுப் பார்" என்று அம்மா தள்ளிவிட்டிருந்தாள். கோபத்தில் அவருடைய போட்டோவைக்கூட இவள் திறந்து பார்க்கவில்லை. திமிர், வேறென்ன.

ஒரு கதிரை தள்ளி உட்கார்ந்தாள்.

"அம்மாவின்ரை கரைச்சலுக்காக வந்தனான். கதைக்கோணும் எண்டில்லை. படத்தைப் பாப்பம்."

அவன் திரும்பினான். மழையில் நனைந்த தலை, குழம்பிய பெரிய கண்கள்... சே, இவ்வளவு வடிவாக இருக்க வேண்டுமா?

"நானும் படம் பாக்கத்தான் வந்தனான்," என்றான்.

திரையில் கறுப்புக் குதிரை ஆற்றைத் தாண்டியது. பின்னால் கயிறுகளோடு ஆட்கள்.

"பிடிபட்டிடும்," என்றாள்.

"பிடிபடாது."

"உங்களுக்கு என்னெண்டு தெரியும்?"

"தெரியாது. பிடிபடக் கூடாதெண்டு கும்பிட்டுக்கொண்டு இருக்கிறன்."

பிடிபட்டது. கழுத்தில் கயிறு இறுகி அது முழங்காலில் விழுந்தபோது மேனுஷா அழுதேவிட்டாள். அவன் கடுதாசிக் கைக்குட்டையை நீட்டினான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"ஆம்பிளையளும் குதிரைக்கு அழுவினமோ?"

"ஒருத்தரும் பாக்காட்டி அழுவினம்... நீங்கள் பாத்திட்டியள்."

இடைவேளையில் தேத்தண்ணி வாங்கி வந்தான். சீனி போதுமா என்று கேட்டான். ஊரில் எந்த இடம், அப்பா என்ன வேலை என்று கேட்கவே இல்லை. முன்பு வந்த மாப்பிள்ளைமார் எல்லாரும் முதலில் கேட்டது அதைத்தான். இந்த மனிதனோடு என்றால்... காலம் தள்ளிவிடலாம் போலிருக்கிறதே. அம்மாவுக்கு மெசேஜ் போட்டாள். எனக்கு ஓம், சம்மதம்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. பின்வரிசையிலிருந்து பட்டுச்சேலை கட்டிய ஒரு அம்மா எழுந்து வந்தார். கூடவே கோட் போட்ட ஒரு இளைஞன், பாவம், நிலத்தைப் பார்த்தபடி.

"நான் கனகாம்பிகை, மாப்பிள்ளை டெனுசனின்ரை அம்மா. இவருக்கு முன்னுக்கு வர வெக்கம், பின்னாலை இருந்தே வடிவாப் பாத்திட்டம். நீங்களும் ஓம் எண்டிட்டியளாம், உங்கடை அம்மா போன் எடுத்துச் சொன்னவ." பிறகு மேனுஷாவின் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தார். "இந்தத் தம்பி ஆர், உங்கடை அண்ணையோ?"

அப்போ இவன் மாப்பிள்ளை இல்லையா? பக்கத்தில் நின்றவன் ஒரு கணம் மேனுஷாவைப் பார்த்தான். ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

போன் அடித்தது. அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "கனடாவிலை இருக்கிற சொந்தங்களுக்கும் சொல்லிப்போட்டன் பிள்ளை. அப்பா இருந்திருந்தா..."

அப்பா போனபிறகு அம்மா இப்படிச் சிரித்து அவள் கேட்டதே இல்லை. இதை எந்த வாயால் உடைப்பது? ஒரு பெயரைக் கேட்டிருக்கலாமே, விசரி. எல்லாம் முடிந்துவிட்டது என்றே தோன்றியது. ஆனாலும் கால்கள் வாசலைத் தாண்டி ஓடின.

ட்ராம் தரிப்பிடத்தில் அவன் மழையில் நின்றான்.

"கலியாணம் சரிவந்திட்டுது போலை," என்றான். குரல் உடைந்திருந்தது. "நல்லா இருங்கோ."

"உங்கடை பேர் என்ன?"

"றொஜன்... இனித் தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்?"

ட்ராம் வந்து கதவு திறந்தது. அவன் ஏறக் காலை வைத்தான். அம்மாவின் சிரிப்பை நினைக்க அவளுக்கு நெஞ்சு வெடித்தது. ஆனாலும் அவன் சட்டைக் கையை எட்டிப் பிடித்துவிட்டாள்.

"உங்களைத்தான் மாப்பிள்ளை எண்டு நினைச்சனான், றொஜன். இனி வீட்டை போய் அம்மாவை அழ வைக்கப் போறன்..." பிடியை விடவில்லை. "நான் ஓம் எண்டது உங்களுக்கு."