சொட்டு வீணாக்காத வண்டி

ரேடியேட்டர் மூடியைத் திறந்த மெர்வின் அப்படியே நின்றுவிட்டான். விளிம்புவரை தண்ணீர். விடிந்ததிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஓடிய வண்டி. யாரும் ஒரு மடக்குகூட ஊற்றவில்லை. கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும்.

"என்னடா, உள்ள மீன் கெடக்கா?" என்றான் கார்ப்ரல் கிளெம்.

"நெறஞ்சு நிக்குது."

"அதுக்குப் போய் மூஞ்சியத் தொங்கப் போடுவியா? குடிக்காத வண்டி கெடச்சிருக்கு. வாயப் பொத்திக்கிட்டு நிழல்ல வந்து படு."

அது அவர்களுடைய வண்டி அல்ல. அவர்களுடையதை முந்தைய நாள் காலையில் இத்தாலிய விமானம் எரித்துவிட்டது. தொடையில் குண்டு வாங்கிய ஆல்பியைத் தூக்கிக்கொண்டு பகலெல்லாம் நடந்தபோதுதான், மூக்கை மணலில் புதைத்துக்கொண்டு இது நின்றது. அவர்கள் படையின் ரோந்து வண்டிதான்: கதவில்லை, கூரையில்லை, முன்கண்ணாடியில்லை, பாலைவனத்துக்காக எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தார்கள். ஆளில்லை. பெட்ரோல் இருந்தது, தொட்டவுடன் கிளம்பியது. இதெல்லாம் யார் செய்த புண்ணியம் என்று அவர்கள் விசாரிக்கவில்லை.

கறுப்புப் பாறைக்குப் போய்விட்டால் மற்ற வண்டிகள் காத்திருக்கும், ஆல்பி பிழைப்பான். ஆல்பி மெர்வினுடைய மனைவியின் தம்பி. கப்பல் ஏறும்போது அவள், "அவன் இல்லாம நீ மட்டும் வந்தா வீட்டுப் படி ஏறாத" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். மெர்வினுக்கு அன்றும் சிரிப்பு வரவில்லை.

உச்சி வெயிலில் வண்டி ஓட்ட முடியாது. சூரியத் திசைகாட்டியின் ஊசி நிழல் சுருங்கிக் காணாமல் போய்விடும், திசை தெரியாது. எனவே மூவரும் வண்டிக்கு அடியில் கிடந்தார்கள். தண்ணீர் டின்கள் காலி. மெர்வின் ரேடியேட்டரிலிருந்து ஒரு குவளை பிடித்து ஆல்பிக்குக் கொடுத்தான்.

"மச்சான், நல்லாருக்குடா! எங்க வீட்டு ஓடைத் தண்ணி மாதிரி."

மெர்வினும் குடித்தான். துருவும் எண்ணெயும் நாற வேண்டிய தண்ணீர், சுத்தமாக, லேசான உப்புக் கரிப்போடு, இளஞ்சூடாக இறங்கியது. குவளையை வழித்துக் குடித்தான்.

கிளெம், வண்டியின் பக்கப்படியில் கட்டியிருந்த தகர டப்பாவுக்குக் கீழே தலையை வைத்து உறங்கிப்போனான். ரேடியேட்டர் கொதித்தால் ஆவி ஒரு குழாய் வழியாக அந்த டப்பாவுக்குப் போய்த் தண்ணீராகும், இஞ்சின் ஆறியதும் ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு வீணாகாது. உறிஞ்சும்போது களக், களக் என்று சத்தம் வரும், சற்று நேரத்தில் நின்றுவிடும். அன்று நிற்கவில்லை. சூடான ரப்பரும் பெட்ரோலும் நாறும் அந்த நிழலில், காற்றில்லாத அந்த வெயிலுக்கு நடுவே, இரும்பு ஆறிச் சுருங்கி அடங்கிய பிறகும் டப்பா மெதுவாக, அவசரமே இல்லாமல், கிளெம்மின் குறட்டையோடு ஒத்துப்போய் உறிஞ்சிக்கொண்டிருந்தது. குறட்டை மெலிந்தது. சத்தம் மெலியவில்லை.

ஊசி நிழல் திரும்பியதும் மெர்வின் எழுந்தான். "கார்ப்ரல், கெளம்பலாம்." தோளைப் பிடித்து உலுக்கினான். தோள் அவன் கையோடு வந்தது போலிருந்தது, அவ்வளவு லேசு. சட்டைக்குள் உடம்பு, கொட்டகையில் காயப்போட்ட ஆட்டுத்தோல் மாதிரி சரசரத்தது. உதடுகள் பல்லை விட்டு விலகியிருந்தன. கண் இருந்த இடத்தில் ஈரமே இல்லை.

மெர்வின் மூடியைத் திறந்து பார்த்தான். தண்ணீர் வழிந்தது.

அவனுக்குப் புரிந்துவிட்டது. ஓடிவிடலாம். ஆனால் ஆல்பியால் நிற்கக்கூட முடியாது. வண்டியை விட்டால் இருவரும் சாவு, விடாவிட்டால்? அவன் டப்பாவின் குழாயைப் பிடுங்கி எறிந்தான், கிளெம்மின் முகத்தைத் தொப்பியால் மூடினான், ஆல்பியைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்தான்.

"கார்ப்ரல் எங்க மச்சான்?"

"தூங்குறான். பேசாம வா."

"தண்ணி குடுடா."

"கெடையாது."

"நெறைய இருக்கே. சத்தம் கேக்குதுல்ல?"

கேட்டது. குழாய் இல்லை, இஞ்சின் உறுமுகிறது, ஆனாலும் கேட்டது. சீட்டுக்கு அடியில். களக்.

மெர்வின் மிதித்தான். மணல் முகத்தில் அறைந்தது. ஆல்பி கெஞ்சினான், திட்டினான், பிறகு அக்காவின் பெயரைச் சொல்லி அழுதான். கண்ணீர் வரவில்லை. பிறகு அழவும் இல்லை. மெர்வின் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும். வண்டி குலுங்கும்போது பக்கத்தில் ஏதோ சரசரத்தது. சாலை இல்லை. வியர்வை இல்லை. எச்சில் இல்லை. ஸ்டியரிங்கிலிருந்து விரல்கள் பிரியவில்லை.

களக்.

கறுப்புப் பாறை. நிழலில் வண்டிகள். எழுந்து தள்ளாடி ஓடிவரும் ஆட்கள், வெடித்த உதடுகள். வண்டி தானாகவே நின்றது.

"மெர்வின்டா! ஏய், மெர்வின் வந்துட்டான்!"

"தண்ணி வச்சிருக்கியா? எங்க டின்னெல்லாம் ஓட்டையாப் போச்சு. நேத்துலேர்ந்து நாக்கு நனையல."

வேண்டாம் என்று கத்தினான். சத்தம் வரவில்லை. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக் கிடந்தது.

ஒருவன் ஆல்பியை இறக்கப் போனான். ஒரே கையில் தூக்கிவிட்டு, அப்படியே விறைத்து நின்றான். மற்றவர்கள் அதைப் பார்க்கவில்லை. அவர்கள் ரேடியேட்டர் மூடியைத் திறந்திருந்தார்கள்.

"யப்பா, நெறஞ்சு வழியுதுடா!"

குவளைகள் வந்தன. குடித்தார்கள், சிரித்தார்கள், மறுபடி முகந்தார்கள். ஒரு நல்லவன் இவனுக்கும் கொடுப்போம் என்று குவளையோடு வந்து, மெர்வினின் பிடரியைத் தாங்கி, உதட்டில் வைத்தான்.

இளஞ்சூடு. உப்பு. அந்தத் தண்ணீர் யார் என்று மெர்வினுக்குத் தெரியும். வாயை மூட நினைத்தான். வாய் திறந்தது. தொண்டை விழுங்கியது. ஒட்டிக் கிடந்த நாக்கு நனைந்து, பிரிந்து, பேச வந்தது.

"இன்னும் கொஞ்சம்," என்றான்.