முதல் டம்ளர் யாருக்கு?

ட்ரிங்… ட்ரிங்… ட்ரிங்…!

கேட் ஷெட்டில் டெலிபோன் அலறியது.

தலைமை வாட்ச்மேன் துலுக்காணம் அதை முறைத்துப் பார்த்தார். டெலிபோனில் நல்ல சேதி வந்து அவர் பார்த்ததில்லை. போலீஸில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தபோதும் சரி, ரிடையராகி இந்த பத்மாட்சி ஸ்டீல் கம்பெனி வாசலில் உட்கார்ந்த பிறகும் சரி.

எடுத்தார்.

"துலுக்காணம்! ஓடி வாய்யா! கிரவுண்டு டிரெஸ்ஸிங் ஷெட்ல… பொ… பொணம்!"

பர்சனல் மேனேஜர் பூவராகவனின் குரல். பல் தந்தியடித்தது.

"யாரு சார்?"

"கோச்சுய்யா!"

துலுக்காணம் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எந்த கோச் சார்? பர்மனென்டா… டெம்ப்ரவரியா?"

"பர்மனென்ட்! ஆதிநாராயணன்!"

அப்பாடா!

மூச்சு விட்டார். விட்ட பிறகுதான், ஒரு மனுஷன் செத்ததற்கு இப்படி மூச்சு விடலாமா என்று தோன்றியது. தோன்றி என்ன செய்வது? விட்டாகிவிட்டது.

காரணம் இருந்தது.

டெம்ப்ரவரி கோச் சடையப்பன், அவருடைய மகள் சின்னப்பொண்ணுவைக் கட்டிக்கொள்ளக் காத்திருப்பவன். பழவேற்காடு ஏரிக்கரையில் துலுக்காணத்தின் குப்பத்துப் பையன்தான். முன்னாள் கோல் கீப்பர். கை கால் திடம். கெட்ட பழக்கம் இல்லை. ஒரே ஒரு குறை… அவன் டெம்ப்ரவரி!

"பர்மனென்ட் ஆர்டரோட வா, பொண்ணு தரேன். அது வரைக்கும் என்ன மாமான்னு கூப்புடாத" என்று துலுக்காணம் சொல்லியிருந்தார். அவருடைய வேலையே வருஷா வருஷம் நீட்டிக்கிற டெம்ப்ரவரி வேலை என்பது வேறு விஷயம். அதை எடுத்துச் சொல்லும் தைரியம் வீட்டில் எவருக்கும் இல்லை.

அந்த ஆர்டர் இன்றைக்குக் கிடைப்பதாக இருந்தது.

எளாவூர் செக் போஸ்ட்டில் பஸ்ஸிலிருந்து விழுந்து கால் ஒடிந்த பர்மனென்ட் கோச் ஆதிநாராயணன், செவ்வாப்பேட்டை வீட்டில் படுத்துவிட்டார். அவர் இடத்தில் நின்ற சடையப்பன், தோற்பதையே வழக்கமாக வைத்திருந்த கம்பெனி புட்பால் டீமை இழுத்துக்கொண்டு பைனல் வரை வந்துவிட்டான். இன்று தொழிற்பேட்டை கோப்பை பைனல். ஆட்டம் முடிந்ததும் யார் பர்மனென்ட் என்று சொல்வதாக மேனேஜர் அறிவித்திருந்தார்.

அறிவித்ததுதான் தாமதம். ஆதிநாராயணனின் ஒடிந்த கால் கூடிவிட்டது! கைத்தடியோடு இன்று மத்தியானமே வந்து இறங்கிவிட்டார்.

இப்போது பிணம்!

'அடப்பாவி சடையப்பா… நீதானாடா?'

துலுக்காணம் ஓடினார்.

*

கிரவுண்டில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. விசில் சத்தம். கூச்சல். திருவள்ளூர் டீமும் பத்மாட்சி டீமும் ஆளுக்கு ஒரு கோல். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

ஷெட்டுக்குள் பெஞ்சுக்குக் கீழே ஆதிநாராயணன் குப்புறக் கிடந்தார். வாயோரம் நுரை. வேட்டி அலங்கோலம்.

மேனேஜர் சுவரோடு சுவராக நின்றிருந்தார்.

"தொட்டுப் பாத்தீங்களா சார்?"

"நான் எதுக்குய்யா தொடணும்? கைரேகை விழுந்துட்டா?"

"யாரு செஞ்சிருப்பாங்கன்னு நெனக்கிறீங்க?"

"இதுல நெனக்க இன்னாய்யா இருக்கு? சடையப்பன்தான்! ஆட்டத்துக்கு முன்னால கிரவுண்டு ஓரத்து அம்மன் கோயில்ல பானகம் கரைச்சவன் அவன். மொத டம்ளரக் குடிச்சவரு இவரு. குடிச்ச பொறவு வேற எதுவும் வாயில வைக்கல!"

அந்த முதல் டம்ளர் விஷயம் துலுக்காணத்துக்கு நன்றாகத் தெரியும். குப்பத்து வழக்கம் அது. புது வலை இறக்கும் நாளில் செல்லியம்மனுக்குப் பானகம் படைத்து, படகுக்குப் பொறுப்பானவனுக்கு முதல் டம்ளர் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் பொறுப்பே வேண்டாம் என்று அர்த்தம். டீமில் பாதிப் பேர் குப்பத்துப் பையன்கள் என்பதால் வழக்கம் கிரவுண்டுக்கும் வந்துவிட்டது. கோச்சுக்கு என்று தனியாக ஒரு பித்தளை டம்ளர். மற்றவர்களுக்கு அதே குடத்திலிருந்து அலுமினிய டம்ளரில்.

"பசங்களும் அதே கொடத்துல குடிச்சானுங்களே சார்? அவனுங்க குதிரையாட்டம் ஓடுறானுங்க!"

"அது… அது எனக்கெப்படித் தெரியும்? நீதானே போலீஸு!"

"இத்தினி நாளா சடையப்பன்தான மொத டம்ளரு குடிச்சிக்கினு இருந்தான். இன்னிக்கு மட்டும் எப்படி இவருக்குப் போச்சு?"

"நான்தான்யா குடுக்கச் சொன்னேன். நம்ம பர்மனென்ட் கோச் வந்துட்டாரு, அவருக்கே முதல் மரியாதைன்னு மைக்ல சொன்னேன். பாவம்… டம்ளர வாங்கும்போது கை நடுங்கிச்சு மனுஷனுக்கு! கண்ணுல தண்ணி! வேணாம் வேணாம்னு தலைய ஆட்டுனாரு. அவ்ளோ நெகிழ்ச்சி! பசங்க கைதட்டுனதும் கண்ண மூடிக்கினு ஒரே மடக்கு!"

துலுக்காணத்தின் புருவம் ஏறியது.

ஒரு டம்ளர் பானகத்துக்குக் கண்ணீர் விடுகிற ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை.

"இந்த சடையப்பனை இன்னிக்கு பர்மனென்ட் பண்ணலாம்னுதான்யா இருந்தேன்" என்றார் மேனேஜர். "ஆனா ஒரு யோசனை. டெம்ப்ரவரியா இருக்கிற வரைக்கும்தான் மனுஷன் ஓடுவான். பர்மனென்ட் பண்ணா நாற்காலில ஒட்டிக்குவான்."

"ஆதிநாராயணன் சாரு மாதிரியா?"

"ச்சே! செத்தவரைப் பத்தி அப்படிப் பேசாதய்யா!"

"செத்திருந்தா பேச மாட்டேன்…"

துலுக்காணம் குனிந்தார்.

கட… முட… கட… முட…!

பிணத்தின் வயிற்றிலிருந்து சத்தம் வந்தது!

மேனேஜர் ஒரு துள்ளு துள்ளினார்.

துலுக்காணம் பிணத்தைப் புரட்டினார். பிணம் ஒரு கண்ணைத் திறந்தது. உதடு அசைந்தது. கொலைகாரன் பேரைச் சொல்லப் போகிறார் என்று இருவரும் காதைக் கொண்டுபோனார்கள்.

"சொ… சொம்பு…!"

*

டிஸ்பென்சரி நர்ஸ் ஞானம்மா வந்து பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பேதி மருந்து சார். நேர்வாளங்கொட்டையா இருக்கும். ஒரு யானைக்குப் போடறத ஒரு ஆளுக்குப் போட்டிருக்காங்க. மயங்கிட்டாரு. உயிருக்குப் பயமில்ல. உப்புக் கஞ்சி குடுங்க… கக்கூஸ் பக்கத்துலயே படுக்க வையுங்க!"

"கொலை முயற்சி!" என்று கத்தினார் மேனேஜர். "போலீஸுக்குப் போன் பண்றேன். சடையப்பனுக்கு ஆர்டரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. ஜெயில்ல வேணா பர்மனென்ட் பண்ணச் சொல்றேன்!"

துலுக்காணம் குறுக்கே வந்து நின்றார். சின்னப்பொண்ணு கல்யாணப் புடவைக்கு நிறம் கூடப் பார்த்து வைத்துவிட்டாள்.

"சார்… ஆட்டம் முடியட்டும். அது வரைக்கும் இவரு உசுரோட இருக்கிறது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்."

"ஏன்?"

"பொணம்னு சொன்னாத்தான் சார் மனுஷன் உண்மையப் பேசுவான்!"

*

கோட்டுக்கு வெளியே நின்று சடையப்பன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்.

"டேய் ஜோசப்பு! மோதாதடா! ஒதுங்கு! அவன் ஓட்டத்துலயே அவன் வெளிய போவான்! ஒதுங்கி வுடு!"

துலுக்காணம் அவன் பின்னால் போய் நின்றார்.

"சடையப்பா."

"இரு நைனா! கார்னரு… டேய் மாரியப்பா, கோல விட்டு வெளிய வராத!"

"ஆதிநாராயணன் செத்துட்டாரு."

சடையப்பன் திரும்பினான். முகத்தில் ரத்தம் இல்லை.

"செத்துட்டாரா? ஐயய்யோ… அவ்ளோவா போட்டாரு அந்தாளு?"

சொல்லிவிட்டான்!

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான். லேட்!

துலுக்காணத்தின் பிடி அவன் முழங்கையில் விழுந்தது. லாக்கப்பில் பழகிய பிடி.

"போட்டாரா? யாருடா போட்டாரு? இன்னாத்தப் போட்டாரு? மரியாதையா கக்கு!"

"நைனா… கை நோவுது…"

"கழுத்து நோவறதுக்கு முன்னால சொல்லு!"

சடையப்பன் குரலைத் தாழ்த்தினான்.

"தேங்கா எடுக்க கோயிலுக்குப் பின்னால போனேன். அந்தாளு கைத்தடிய சுவத்துல சாச்சுட்டு, பித்தள டம்ளர்ல இன்னாத்தியோ கொட்டிக்கினு இருந்தாரு. எனக்குத்தான்னு புரிஞ்சிபோச்சு. நான் கிரவுண்டுல நிக்க முடியாம ஓடணும், டீம் தோக்கணும், அவரு வந்து உக்காரணும்…"

"அப்பவே புடிச்சிக்கினு கத்த வேண்டியதுதான?"

"டெம்ப்ரவரி கத்துனா எவன் நைனா நம்புவான்? பர்மனென்ட் ஆளு ஒருதரம் இல்லன்னு சொன்னா போதும், நான் கேட்டுக்கு வெளிய! ஏன்… நீ நம்புவியா?"

துலுக்காணம் யோசித்தார். நம்பியிருக்க மாட்டார்.

"டம்ளரத் தட்டி வுட்டுருக்கலாமே?"

"அம்மன் முன்னால மொத டம்ளரத் தட்டி வுட்டா வேலையே வேணான்னு அர்த்தமாச்சே! குடிச்சாலும் வேல போச்சு, குடிக்கலன்னாலும் வேல போச்சு. பேஜாராப் பூடுச்சு. அப்பத்தான் மேனேஜர் காதுல போய்ச் சொன்னேன்… பெரியவரு இருக்கச்ச நான் குடிச்சா மரியாதையா இருக்காது சார், மொதல்ல அவருக்கே குடுங்கன்னு."

துலுக்காணத்தின் வாய் பிளந்தது.

"அவரு குடிப்பாருன்னு தெரியுமாடா உனக்கு?"

"மைக்ல பேரு சொல்லி, அத்தினி பேரு கைதட்டுனா… பர்மனென்ட் ஆளு வேணான்னுவாரா? பேதியோட போவும்னு நெனச்சேன். சாவடிப்பேன்னு நெனக்கல நைனா! சத்தியமா!"

அவன் கண்ணில் நீர் முட்டியது.

"அழுவாத. சாவல. சொம்பும் கையுமா கெடக்கிறாரு."

சடையப்பன் முகத்தில் உயிர் வந்தது. அந்த நொடியே திரும்பிக் கத்தினான்.

"ஜோசப்பு! வரான் பாரு… ஒதுங்கு!"

பந்தோடு திருவள்ளூர் கோல் பக்கம் போயிருந்த ஜோசப் ஒதுங்கினான். பந்தைப் பறிக்கப் பின்னாலிருந்து காளை மாதிரிப் பாய்ந்து வந்த திருவள்ளூர் ஆட்டக்காரன் நிற்க முடியாமல், பந்தைத் தன் காலாலேயே இடித்துத் தன் கோலுக்குள்ளேயே தள்ளினான்.

சேம் சைடு கோல்!

கிரவுண்டு அதிர்ந்தது.

துலுக்காணம் மட்டும் கை தட்டவில்லை. பந்தைப் பார்க்கவும் இல்லை. வருங்கால மருமகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

*

ஆட்டம் முடிந்தது. கோப்பை பத்மாட்சிக்கு.

ஷெட்டில், கஞ்சி குடித்துத் தெளிந்த ஆதிநாராயணன் பெஞ்சில் சாய்ந்திருந்தார். மேனேஜர் அவருக்குத் தினசரிப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்.

"ஆதிநாராயணன் சார்" என்றார் துலுக்காணம். "மடியில இன்னா?"

ஆதிநாராயணனின் கை சட்டென்று இடுப்புக்குப் போனது. துலுக்காணத்தின் கை அதற்கு முன்னால் போய்விட்டது. ஒரு கசங்கிய பொட்டலம். உள்ளே மிச்சப் பொடி.

"அது… அது சுக்குப் பொடி. கால் வலிக்கு…"

"சுக்கா? நல்லதாச்சே! ஒரு சிட்டிகை வாயில போட்டுக்கங்க."

ஆதிநாராயணன் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"போட்டுக்கங்க சார்! சுக்குதான?"

வாய் திறக்கவில்லை. ஆனால் வயிறு பேசியது. கட… முட…!

சொம்பைத் தூக்கிக்கொண்டு, கைத்தடி இல்லாமலேயே ஓடினார்! ஒடிந்த கால் அன்றைக்குத்தான் முழுசாகக் குணமானது.

விசிறிக்கொண்டிருந்த மேனேஜரின் கை அந்தரத்தில் நின்றது.

"அப்ப… இவரேவா? சடையப்பனுக்கு வெச்சத இவரே குடிச்சாரா? ஏன்யா குடிக்கணும்? வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கலாமே!"

"எப்படி சார் சொல்லுவாரு? நீங்க மைக்ல கூப்பிட்டுட்டீங்க. வேணாம்னா நான் கோச் இல்லன்னு அவரே சொன்ன மாதிரி ஆயிடும். வயிறா வேலையான்னு பாத்தாரு… வேலன்னு குடிச்சிட்டாரு. இன்னிக்கு ரெண்டு சேம் சைடு கோல் சார். ஒண்ணு கிரவுண்டுல. ஒண்ணு ஷெட்ல!"

அதோடு நிறுத்திக்கொண்டார். சடையப்பன் மேனேஜர் காதில் போய்ச் சொன்னது ஏன் என்பதை அவர் வாய் சொல்லவில்லை. ஹெட் கான்ஸ்டபிளாக இருந்தால் சொல்லியிருப்பார். மாமனார் ஆகப் போகிறவர் சொல்ல முடியுமா?

மேனேஜர் பூவராகவன் நெகிழ்ந்துபோய் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"துலுக்காணம்… ஒண்ணு பாத்தியாய்யா? அந்தப் பையன் சடையப்பன், தனக்கு வந்த முதல் டம்ளரைப் பெரியவருக்கு விட்டுக்குடுத்தான்யா! அவனாவே வந்து சொன்னான்! என்ன மரியாதை… என்ன அடக்கம்! கோப்பை கிடக்கட்டும்யா… அந்தக் குணத்துக்கே அவனை பர்மனென்ட் பண்றேன்!"

துலுக்காணம் செல்லியம்மன் கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

*

ஆதிநாராயணன் உடம்பு சரியில்லை என்று தானாகவே வேலையை விட்டுப் போனார். அதில் பொய்யும் இல்லை.

அடுத்த ஞாயிறு, மடித்த ஆர்டரோடும் ஒரு சீப்பு பழத்தோடும் சடையப்பன் துலுக்காணத்தின் வீட்டுக்கு வந்தான். புதுச் சட்டை. நெற்றியில் விபூதி.

"வாங்க மாப்ளே! உக்காருங்க!" பாயை உதறிப் போட்டார் துலுக்காணம். போன வாரம் வரைக்கும் 'டா' போட்ட வாய்.

சின்னப்பொண்ணு உள்ளேயிருந்து காபி கொண்டுவந்தாள். ஒரே ஒரு டம்ளர். பித்தளை. ஆவி பறந்தது. அவள் ஒரு மாதிரியாகச் சிரித்தாள். அது வெட்கமா, வேறு ஏதாவதா என்று துலுக்காணத்துக்குப் புரியவில்லை. அவளிடம் தான் இத்தனை நாள் 'டெம்ப்ரவரிக்குப் பொண்ணு கெடையாது' என்று முரண்டு பிடித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது.

சடையப்பன் டம்ளரை வாங்கினான். உதடு வரை கொண்டுபோனான். நிறுத்தினான்.

பணிவாக எழுந்து நின்று, இரண்டு கையாலும் துலுக்காணத்திடம் நீட்டினான்.

"மாமா… பெரியவரு நீங்க இருக்கச்ச நான் குடிச்சா மரியாதையா இருக்காது. மொதல்ல நீங்க குடிங்க!"

துலுக்காணம் காபியைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

மறுபடி காபியைப் பார்த்தார்.

டம்ளரை ஒற்றை விரலால் மெதுவாக அவன் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"நானு வருஷா வருஷம் நீட்டிக்கிற டெம்ப்ரவரி வாட்ச்மேன் மாப்ளே… இந்த ஊட்டுல பர்மனென்ட் ஆளு இனிமே நீங்கதான். மொத டம்ளரு உங்களுது… குடிங்க!"