செவிச் சம்மதம்

காலையில் பட்டறையைத் திறந்ததும் பாத்திமுத்து செய்யும் முதல் வேலை, சுத்தியல்களுக்கு ரப்பர் உறை மாட்டுவது. பிறகு மேசைமேல் கனத்த துணியை விரிப்பாள். ஸ்பானர்களை அதன்மேல்தான் வைக்க வேண்டும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் ஒலிமானி எழுபது டெசிபெலைத் தாண்டினால் சிவக்கும். ஒரு ஸ்பானர் தரையில் விழுந்தாலே எண்பத்தைந்து. அன்று மாலைக்குள் ஒலி ஆணையத்துக்கு விளக்கம் எழுதித் தர வேண்டும்.

உச்சிப்புளி வான் அருங்காட்சியகத்தில் அவள் ஆறு ஆண்டுகளாக ஒரே ஒரு விமானத்தைச் சீர்செய்துகொண்டிருந்தாள். ஒற்றை எஞ்சின், ஒற்றை இருக்கை கொண்ட பழைய போர்விமானம். அவளிடம் வந்தபோது இறக்கைகள் உப்புக்காற்றில் சல்லடையாகியிருந்தன. எஞ்சினுக்குள் மைனா கூடு கட்டியிருந்தது. எஞ்சினின் ஒவ்வொரு தகட்டையும் கழற்றி, உப்பைக் கழுவி, எடை பார்த்து, எண் எழுதிப் பழைய இடத்திலேயே மாட்டியிருந்தாள். இனி ஒன்றுதான் பாக்கி. அதை முப்பது நொடி ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் ‘உயிர்ப்பொருள்’ என்று சான்றிதழ் கிடைக்கும். ஓடாவிட்டால் நிக்கல் உலோகத் தட்டுப்பாட்டு விதிப்படி எஞ்சினைப் பிடுங்கி உருக்காலைக்கு அனுப்பிவிடுவார்கள். காட்சிக்கு வெறும் கூடுதான் நிற்கும்.

ஆனால் ஓட்டுவதற்குச் செவிச் சம்மதம் வேண்டும். ‘சுமைப்பறவை’ என்ற சரக்கு ட்ரோன்கள் ஒரு தலைமுறையின் காதைக் கெடுத்த பிறகு வந்த சட்டம் அது. பெருஞ்சத்தம் எதுவானாலும், அது யார் யார் காதில் விழுமோ அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். கோயில் கொட்டுக்கும், பள்ளிவாசல் நகரா முரசுக்கும், தேவாலய மணிக்கும் ஊரே ஆண்டுதோறும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திடும். விமானத்துக்கு யாரும் கேட்டதில்லை. சுற்றிலும் நான்கு கிலோமீட்டருக்குள் நாலாயிரத்து முந்நூற்றுப் பதினேழு பேர் இருந்தார்கள். பதினாறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கியதில் ஒருவர் தவிர எல்லோரும் கையெழுத்திட்டுவிட்டார்கள்.

அந்த ஒருவர் ரயிலடியில் தையல்கடை வைத்திருந்த தவமலர். ஒன்பது வயதில் போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து படகேறி மண்டபம் அகதி முகாமுக்கு வந்தவர். கல்யாணமாகி உச்சிப்புளிக்காரராகிவிட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய பேச்சு மட்டும் இக்கரைக்கு வந்து சேரவில்லை.

ஒருவரிடம் மூன்று முறைதான் கேட்கலாம். அதற்கு மேல் கேட்பது குற்றம். முதல்முறை பாத்திமுத்து போனபோது, இந்த விமானம் அந்தக் கரைக்குப் பறந்ததே இல்லை என்று பதிவேட்டைக் காட்டினாள். தவமலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் வாசித்தார்.

“நீர் சொல்லுறது உண்மைதான் பிள்ளை. காதுக்கு அது தெரியாது,” என்று பதிவேட்டை மடித்துக் கொடுத்துவிட்டார்.

பட்டறையில் அவளோடு வேலை செய்யும் சேதுராசு ஒரு வழி சொன்னான். மறுப்பவர்கள் இசைந்தால் அன்றைக்கு மட்டும் வெளியூர் அனுப்பிவைக்கச் சட்டத்தில் இடமிருந்தது.

“அந்தம்மாவ மதுரைக்கு அனுப்பிருவோம்க்கா. மீனாட்சியப் பாத்துட்டு, ஒரு ஜிகர்தண்டாவக் குடிச்சிட்டு வரட்டும். நானே கூடப் போறேன்.”

“நீ ஜிகர்தண்டாவுக்குத்தான் போவே,” என்றாள். ஆனாலும் இரண்டாம் முறை அதைத்தான் கேட்டாள்.

தவமலர் தையல் எந்திரத்தை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

“அப்பவும் எங்களைத்தான் எழும்பிப் போகச் சொன்னவை.”

அதற்குப் பிறகு பாத்திமுத்து பல நாள் அந்தத் தெருப்பக்கம் போகவில்லை. விட்டுவிடலாம் என்று மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை. உருக்காலை வண்டி வருவதற்குப் பதினொரு நாள் இருந்தபோது மறுபடி போனாள். கையில் படிவம் இல்லை.

“கேக்க வரலம்மா. அந்தச் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் பொறந்ததே சட்டத்துக்கு அப்புறம். ஆறு வருசமா எதுக்கு உயிர் குடுத்துக்கிட்டு இருக்கேன்னு எனக்கே தெரியல. நீங்க சொல்லுங்க.”

தவமலர் நெடுநேரம் நூல் கோத்தார். பிறகு சொன்னார். கிட்ட வரும்வரை ஒன்றும் கேட்காதாம். கேட்கும்போது அது தலைக்கு மேலே வந்திருக்குமாம். பங்கர் குழிக்குள் குனிந்துகொண்டு தம்பி எண்ணுவானாம். எத்தனை எண்ணினால் அது போகும் என்று யாருக்கும் தெரியாதாம். ஒருநாள் அவன் இருபத்திரண்டில் நிறுத்திவிட்டான். தவமலர் ஊசியைத் துணியில் குத்திவைத்தார்.

மறுநாள் அவரே பட்டறைக்கு வந்தார். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். “இவ்வளவுதானா?” என்றார். சேதுராசு முக்காலி கொண்டுவந்து போட்டான். அவர் உட்காரவில்லை.

“இதை எதால நிப்பாட்டுறது?”

விமானி இருக்கையின் இடப்பக்கம் சிவப்புப்பிடி போட்ட நெம்புகோல் ஒன்று உண்டு, அதை இழுத்தால் எரிபொருள் அடைபட்டு எஞ்சின் அணைந்துவிடும் என்று பாத்திமுத்து விளக்கினாள்.

“அப்ப அதில நான் இருக்கோணும். அது என்ர கையில இருக்கோணும். எனக்கு வேண்டாமெண்டால் அந்த நிமிசமே இழுப்பன்.”

சேதுராசு பாத்திமுத்துவைத் தனியே இழுத்துப்போனான். முப்பது நொடிக்கு முன்னால் அந்தம்மா இழுத்துவிட்டால் ஆறு வருட வேலை உருக்காலைக்குத்தான் போகும் என்றான். அவளுக்கும் அது தெரியும். அந்த எஞ்சினில் அவள் கைபடாத திருகு ஒன்றுகூட இல்லை.

“இழுத்தா இழுக்கட்டும்டா,” என்று சொல்லிவிட்டுப் படிவத்தை எடுத்து வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒலி ஆணையத்து அலுவலர் நொடிமானியோடு வந்தார். விமானத்தைப் பட்டறை முற்றத்துக்குத் தள்ளிவந்து, எஞ்சினின் காற்றுவாய்க்கு வலை கட்டியிருந்தார்கள். தவமலர் ஏணியில் நின்று நின்று ஏறினார். விமானி இருக்கையில் அமர்ந்து, காதுறையை வேண்டாமென்று தள்ளிவிட்டு, சிவப்புப்பிடியைப் பற்றினார். ஏணியின் உச்சியில் நின்றபடி பாத்திமுத்து தொடக்க விசையை அழுத்தினாள்.

முதலில் ஒரு முனகல். பிறகு அது ஏறிற்று. நின்றுவிடும் என்று அவள் நினைத்த இடத்திலும் நிற்காமல் ஏறிற்று. ஏணி அதிர்ந்தது. அவள் பற்கள் அதிர்ந்தன. சேதுராசு சுவரோடு ஒட்டிக்கொண்டான். தவமலரின் உதடுகள் அசைவது தெரிந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதில் இழுத்தார்.

சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. ஒலிமானியின் சிவப்பு அணைந்தது. தூரத்தில் கொக்குகள் கலைந்து பறந்தன. அலுவலர் ஏட்டில் ஏதோ குறித்தார். பாத்திமுத்து ஏணிக்கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

தவமலர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்னும் பிடியில்தான் இருந்தது.

“நிண்டிட்டுது,” என்றார். பிறகு, “இன்னொருக்காப் போடும் பிள்ளை.”

அலுவலர் அனுமதித்தாளைப் புரட்டினார். சம்மதம் மாலை ஆறு மணிவரை செல்லும். எத்தனை முறை என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

எஞ்சின் ஆற முக்கால் மணி நேரம் ஆனது. இருக்கையை விட்டு இறங்காமலே தவமலர் தேநீர் குடித்தார். சர்க்கரை போதாதென்று சேதுராசுவைக் கடிந்துகொண்டார். இரண்டாம் முறை இருபத்திரண்டு வந்தபோது அவர் முகம் இறுகியது. உடனே இழுத்துவிட்டார். மறுபடி போடவா என்று பாத்திமுத்து கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று இருந்தாள். தவமலரே விரலைச் சுழற்றி, போடச் சொல்லிக் காட்டினார்.

மூன்றாம் முறை வெயில் சாய்ந்திருந்தது. இருபத்திரண்டு போயிற்று. இருபத்துமூன்று போயிற்று. முப்பதில் அலுவலர் கையை உயர்த்திக் காட்டினார். தவமலர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. முகத்தை உயர்த்தி, மேலே வெறும் வானத்தைப் பார்த்தபடி, அந்தச் சத்தத்தை முழுதாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தமக்குப் போதும் என்று தோன்றிய பிறகுதான் பிடியை இழுத்தார்.