முப்பத்தொரு தகரத் துண்டுகள்

விலைமதிப்பற்றது என்று கச்சேரி அழைப்பிதழில் போட்டிருந்த அந்தப் பியானோவை, ராகலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பைஸர் தேயிலை மியூசியத்தின் தலையில் மூன்றேகால் லட்சத்துக்குக் கட்டியிருந்தார். முதல் கச்சேரியைத் தன் பதினாலு வயது மகள் இல்மாதான் வாசிக்க வேண்டும் என்பதற்காக ஐம்பதாயிரம் குறைத்த விலை அது. வாழ்நாளில் அவர் தானாக விலை குறைத்தது அந்த ஒரு முறைதான்.

மாலை நான்கு மணிக்கு இல்மா முதல் கட்டையை அழுத்தினாள். சுரம் அடங்குமுன், பின்னால் பலகைத் தரையில் ஈரக்கால் ஒன்று பதிந்தது.

யாரோ பிந்தி வருகிறார்கள் என்று பைஸர் திரும்பினார். கதவு தாழிட்டிருந்தது.

இது தியானக் கச்சேரி. நாற்பது நிமிடம் யாரும் எழக்கூடாது, கைதட்டக்கூடாது, கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். நுவரெலியாச் சனம் கொடுத்த காசுக்கு வஞ்சகமில்லாமல் மூடியிருந்தது. பழைய தொழிற்சாலையின் மேல்மாடி அது; ஜன்னல் கண்ணாடிகளில் மூட்டம் வெள்ளைத் துணியாக ஒட்டிக்கிடக்க, சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே இல்மா விடும் நீண்ட இடைவெளிகளில் நனைந்த கம்பளியின் நெடியும், பச்சைக் கொழுந்து வாடும் மணமும், வெற்றிலை எச்சிலின் வீச்சமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன. இந்த மாடியில் கொழுந்து வாட்டி முப்பது வருடமாகிறது.

ஒரு சுரம். ஒரு கால்.

பைஸர் பியானோவைப் பார்த்தார். கட்டைகளுக்கு அடியில் பாரத்துக்கு ஈயம் வைக்கச் சொல்லியிருந்தார் பியானோ பழுதுபார்ப்பவர். ஈயத்துக்கு எதற்குக் காசு என்று, மியூசியம் கழித்துப் போட்ட சாக்கு மூட்டையில் கிடந்த, வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டக் கூலிகளுக்குக் கட்டிவிட்ட தகரத் துண்டுகளைப் பைஸரே ஆணி வைத்து அறைந்திருந்தார். ஒவ்வொன்றிலும் ஓர் எண். மொத்தம் முப்பத்தொன்று. மியூசியத்தைக் கூட்டும் பேச்சியம்மா அப்போதே சொன்னாள்.

"அது செத்தவங்க கழுத்துல கெடந்த துண்டுங்க மொதலாளி. இனிமே ஒன்னைய வேலைப் பெரட்டுக்குக் கூப்பிட மாட்டோம்னு சொல்லித்தான் அவுப்பாங்க."

"அப்ப லீவு முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க," என்று சிரித்தார் பைஸர்.

இன்னொரு சுரம்.

இப்போது சனத்துக்குப் பின்னால் ஈரக்கால்களோடு ஆட்கள் நின்றார்கள். காலைப் பெரட்டில் வேலைக்கு ஆள் பிரிக்க நிறுத்துவதுபோல், வரிசையாக. முகம் தெரியவில்லை. தலைகள் மட்டும் இல்மாவின் பக்கம்.

எழப்போனார். தோளில் ஒரு கை. ஐஸாகக் குளிர்ந்த கை. அமர்த்தியது.

"மகள், கட்டையிலருந்து கைய எடுங்க," என்றார். சத்தம் வரவில்லை.

படிக்கட்டிலிருந்து, பெரட்டில் பேர் பதியும் கணக்கப்பிள்ளையின் வறண்ட குரல் எண்களைக் கூப்பிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில். முப்பது. முப்பத்தொன்று. அதோடு நின்றிருக்க வேண்டும்.

"முப்பத்திரண்டு."

"வந்துட்டேங்கய்யா," என்றாள் இல்மா. அது அவர் வீட்டுப் பேச்சு இல்லை.

அவள் விரல்கள் கட்டைகளை அழுத்தவில்லை. கிள்ளின. கிள்ளியதைத் தோளுக்குப் பின்னால் எறிந்தன. நகக்கண்ணில் கறுப்புக் கறை. நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த தடம். முதுகு வளைந்துவிட்டது. இசை மட்டும் நிற்கவில்லை. சனம் கண் மூடிப் புன்னகைத்தது.

குரல் கொழுந்தை எடைபோட்டுச் சொன்னது.

"முப்பது ராத்தல். தண்ணிக்கு நாலு கழிவு. இருபத்தாறு. இன்னும் பத்து ராத்தல் பாக்கி. அதுவரைக்கும் அரைப்பேரு, பாதிச் சம்பளந்தான்."

இல்மா மறுபடி குனிந்தாள்.